கேபிள் இழுக்காமல் ஒரு பேட்டைக்கே இணையம்: புயலிலும் அணையாத 'மெஷ்' வைஃபை எப்படி வேலை செய்கிறது?

2012 அக்டோபர் 29, இரவு. 'சாண்டி' புயல் நியூயார்க் நகரத்தைத் தாக்கியது. புரூக்ளின் பகுதியில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ரெட் ஹூக் என்ற பேட்டைக்குள் கடல் புகுந்தது. அங்கே அரசு கட்டிக்கொடுத்த பெரிய குடியிருப்பு ஒன்று இருக்கிறது. நம்மூர் ஹவுசிங் போர்டு மாதிரி. ஆயிரக்கணக்கானோர் வசிக்கும் இடம். கரன்ட் போனது, ஹீட்டர் நின்றது, லிஃப்டும் நின்றது. பல வீடுகளுக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் மின்சாரம் திரும்பவில்லை.

செல்போனும் கைவிட்டது. புயல் பாதித்த 10 மாநிலங்களில் சுமார் 25 சதவிகித செல்போன் கோபுரங்கள் செயலிழந்ததாக அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் மறுநாள் அறிவித்தது. உறவினருக்கு 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு மெசேஜ் அனுப்பவும் வழியில்லை.

அந்த இருட்டுக்குள் 'ரெட் ஹூக் இனிஷியேட்டிவ்' என்ற சமூக மையத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. கூடவே வைஃபையும் இருந்தது. சூடான சாப்பாடு வாங்க, போனுக்கு சார்ஜ் போட, நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க என்று மக்கள் அங்கே திரண்டார்கள். ஒரு நாளைக்கு 300 பேர் வரை அந்த நெட்வொர்க்கைப் பயன்படுத்தினார்கள்.

இத்தனைக்கும் அது பெரிய நிறுவனம் எதுவும் போட்ட லைன் அல்ல. அந்த மையமும் 'ஓபன் டெக்னாலஜி இன்ஸ்டிட்யூட்' என்ற அமைப்பும் சேர்ந்து, புயலுக்கு முன்பே சோதனை முயற்சியாக ஆரம்பித்தது. மையத்தின் மாடியில் ஒரு கருவி, பூங்காவைப் பார்த்தபடி இருந்த ஒரு குடியிருப்பின் மாடியில் இன்னொரு கருவி. தொடக்கம் அவ்வளவுதான். புயலுக்குப் பிறகு அக்கம்பக்கத்துக் கட்டடங்களிலும் கருவிகளைப் பொருத்தினார்கள். உள்ளூர் சிறு இணைய நிறுவனம் ஒன்று இணைப்பு கொடுத்தது. அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பு தன்னுடைய செயற்கைக்கோள் இணைப்பையும் இதே நெட்வொர்க்கில் சேர்த்தது.

தெருவில் ஒரு கேபிள்கூட புதிதாக இழுக்காமல் இதை எப்படிச் செய்தார்கள்? அதற்குப் பெயர்தான் 'வயர்லெஸ் மெஷ் நெட்வொர்க்'.

மெஷ் என்றால் என்ன?

மெஷ் என்றால் வலை. மீன் வலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் வலை முழுசும் பிரிந்துபோகாது. சுற்றியுள்ள முடிச்சுகள் தாங்கிக்கொள்ளும். மெஷ் நெட்வொர்க்கின் அடிப்படையும் இதுதான். ஒவ்வொரு முடிச்சுக்கும் 'நோட்' என்று பெயர்.

இப்போது வீட்டு இணையத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் தெருப் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு கேபிள் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போகிறது. எல்லாமே ஒரே திசையில், ஒரே பாதையில். ரோடு தோண்டும் ஜேசிபி அந்த கேபிளை அறுத்துவிட்டால் தெரு முழுக்க 'நெட் போச்சு'தான்.

மெஷ்ஷில் அப்படி ஒற்றைப் பாதை கிடையாது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் வீட்டுக்கு மட்டும் சிக்னல் கொடுப்பதோடு நிற்காது. பக்கத்து ரவுட்டர் அனுப்பும் தகவலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும்.

கட்டட வேலையில் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக ஆட்கள் நின்று, கலவைச் சட்டியைக் கை மாற்றி மேலே அனுப்புவார்கள். நடுவில் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் வேலை நிற்காது. அவருக்கு இருபுறமும் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து நின்று சட்டியைக் கடத்திவிடுவார்கள். மெஷ் செய்வதும் அதையேதான். சட்டிக்குப் பதில் டேட்டா, கைகளுக்குப் பதில் ரேடியோ அலை.

வழியை யார் சொல்வது?

சரி, 50 மாடிகளில் 50 ரவுட்டர்கள் இருக்கின்றன. உங்கள் வாட்ஸ்அப் மெசேஜ் எந்தெந்த மாடி வழியாகப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்வது? மேலே உட்கார்ந்து கட்டளை போடும் தலைமைக் கணினி எதுவும் இதற்குத் தேவையில்லை. ரவுட்டர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. அந்தப் பேச்சுக்கான விதிகளை 'ரவுட்டிங் புரோட்டோகால்' என்கிறார்கள்.

இதில் ஜெர்மனியின் 'ஃபிரைஃபுங்க்' என்ற தன்னார்வ இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்லின் வீட்டு மாடிகளில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே இவர்கள் வயர்லெஸ் நெட்வொர்க் அமைத்து வருகிறார்கள். ஆரம்பத்தில் பயன்படுத்திய முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் மொத்த நெட்வொர்க்கின் வரைபடத்தையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருந்தது. நோட்கள் நூற்றுக்கணக்கில் பெருகியதும், விலை குறைந்த குட்டி ரவுட்டர்களால் அந்தக் கணக்கைப் போட முடியாமல் திணறின.

அதற்கு மாற்றாக அவர்கள் உருவாக்கிய புரோட்டோகாலின் பெயர் என்ன தெரியுமா? 'பேட்மேன்'! ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயரின் சுருக்கம் அது. இதன் ஒரு வடிவம் 2011-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது.

பேட்மேனின் யோசனை ரொம்ப எளிமையானது. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். டீக்கடையில் வழி கேட்கிறீர்கள். கடைக்காரருக்கு நீங்கள் போக வேண்டிய வீடு வரைக்கும் தெரியாமல் இருக்கலாம். 'இந்தப் பக்கமா போய், கோயில்கிட்ட கேளுங்க' என்பார். கோயிலில் இருப்பவர் அடுத்த திருப்பத்தைக் காட்டுவார். முழு வரைபடம் யாரிடமும் இல்லை. ஆனாலும் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள்.

அதேபோல ஒவ்வொரு நோடும் 'நான் இருக்கேன்' என்று குட்டிச் செய்தி ஒன்றை அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்து நோட்கள் அதைத் திருப்பி அனுப்பும். ஒரு நோடின் செய்தி எந்தப் பக்கத்துவீட்டுக்காரர் வழியாக அதிகம் தவறாமல் வந்து சேர்கிறதோ, அவர் வழியாகவே அந்த நோடுக்குத் தகவலை அனுப்பலாம் என்று ரவுட்டர் முடிவு செய்துகொள்ளும். ஒரு வீட்டில் கரன்ட் போய் அதன் ரவுட்டர் அணைந்தால், அங்கிருந்து 'நான் இருக்கேன்' வருவது நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் டேட்டா வேறு வழியில் ஓட ஆரம்பித்துவிடும். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் நெட்வொர்க் என்று மெஷ்ஷைச் சொல்வது இதனால்தான்.

தர்மசாலா மலையில் ஒரு பரிசோதனை

இந்தியாவிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2005 ஜனவரியில், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையைக் கட்டடங்களுக்கு வெளியே பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்த மாதமே இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் சமூக மெஷ் நெட்வொர்க் ஒன்று உயிர்பெற்றது. பிப்ரவரி முடிவதற்குள் 8 வளாகங்கள் இணைந்துவிட்டன. பின்னாளில் 'ஏர்ஜல்தி' என்ற பெயரில் வளர்ந்தது இந்த முயற்சிதான்.

மலைப் பிரதேசத்தில் ஒரே ஒரு பெரிய கோபுரம் வைத்து எல்லோருக்கும் சிக்னல் கொடுப்பது கஷ்டம். ஒரு மேடு மறைத்தால் பின்னால் இருக்கும் ஊருக்கு ஒன்றும் கிடைக்காது. மெஷ்ஷில் மேட்டின் மீதே ஒரு நோடை வைத்துவிட்டால் அது இரண்டு பக்கமும் கடத்தும். மின்வெட்டு அடிக்கடி நிகழும் இடத்தில், ஒரு நோட் அணைந்தால் இன்னொரு பாதை தயாராக இருப்பதும் பெரிய வசதி. ஆன்டெனாவைப் பிடித்துத் தொங்கும் குரங்குகளைச் சமாளிப்பதுதான் அங்கே தனி வேலை!

ஆரம்ப ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட நோட்கள், 2,000-க்கும் மேற்பட்ட கணினிகள். இத்தனைக்கும் சேர்த்து வெளியுலகுடன் இருந்த மொத்த இணைய வேகம் வெறும் 6 எம்பிபிஎஸ். இன்று ஒரு வீட்டு பிளானே அதைவிடப் பல மடங்கு வேகம் தருகிறது. அன்று பள்ளிகளும் அலுவலகங்களும் மின்னஞ்சல், இணையத் தேடல் என எல்லாவற்றையும் அதில்தான் பகிர்ந்துகொண்டன.

அப்படியானால் இதில் குறையே இல்லையா?

இருக்கிறது. முதல் குறை வேகம்.

மறுபடியும் அந்தக் கலவைச் சட்டிக்கு வருவோம். ஒருவர் கையில் சட்டி இருக்கும்போது அவரால் அடுத்த சட்டியை வாங்க முடியாது. கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரே ஒரு ரேடியோ இருக்கும் ரவுட்டரும் அப்படித்தான். ஒரே சேனலில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் அதனால் முடியாது. அதனால் ஒவ்வொரு கை மாறும்போதும் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். உதாரணத்துக்கு, முதல் நோடில் 40 எம்பிபிஎஸ் கிடைத்தால் அடுத்ததில் 20, அதற்கடுத்ததில் 10 என்று இறங்கலாம்.

இதற்குத் தீர்வு ஒன்றுக்கு மேற்பட்ட ரேடியோ. மாடிக்கு மாடி பேச ஒரு ரேடியோ, வீட்டுக்குள் இருக்கும் போன்களுக்குச் சிக்னல் கொடுக்க வேறு சேனலில் இன்னொரு ரேடியோ. கடைகளில் 'டிரை-பேண்ட் மெஷ்' என்று விற்கும் வீட்டு வைஃபை பெட்டிகள் பலவற்றிலும் இந்த யோசனைதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகள் ஒரு வீட்டின் ஹாலிலிருந்து பெட்ரூம் வரை சிக்னலைக் கொண்டுபோகத் தயாரானவை, ஒரே உரிமையாளருக்கானவை. தெரு முழுக்கப் போக வேண்டும் என்றால் மாடியில் வெயில், மழை தாங்கும் வெளிப்புறக் கருவி வேண்டும்.

இரண்டாவது குறை, இணையம் எங்கிருந்தாவது வர வேண்டும் என்பது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். மெஷ் தானாக இணையத்தை உற்பத்தி செய்யாது. ஏதாவது ஒரு நோடில் ஃபைபர் இணைப்போ செயற்கைக்கோள் இணைப்போ இருக்க வேண்டும். அந்த வாசலுக்கு 'கேட்வே' என்று பெயர். கேட்வே ஒன்றே ஒன்றுதான் என்றால், அது விழும்போது எல்லோருக்கும் இணையம் போய்விடும். ரெட் ஹூக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் இணைப்பு வந்தது எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் இணையமே போனாலும் மெஷ் முழுவதும் செத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நோட்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் இருக்கும. உள்ளூரில் ஒரு சிறிய சர்வரை வைத்திருந்தால், எந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, எங்கே மருந்து கிடைக்கிறது போன்ற தகவல்களைப் பேட்டைக்குள் பகிர்ந்துகொள்ளலாம்.

நிஜமாகவே கேபிளே வேண்டாமா?

கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் வேண்டாம். மாடியிலிருந்து வீட்டுக்குள் இறங்க ஒரு வயர் வேண்டும். அதே வயரிலேயே மாடிக் கருவிக்கு மின்சாரமும் போகும். ஆக, தெருவில் பள்ளம் தோண்ட வேண்டாம், கம்பத்துக்குக் கம்பம் லைன் இழுக்க வேண்டாம், அதற்கான அனுமதிக்கும் அலைய வேண்டாம். மிச்சமாவது அந்தச் செலவும் நேரமும்தான்.

ஒரு தெருவில் இதை அமைக்க வேண்டும் என்றால் அடிப்படையாக என்னவெல்லாம் வேண்டும்?

முதலில் பார்வைக் கோடு. ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் கோடு போதாது. அந்தக் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் காலியிடமும் வேண்டும். ரேடியோ அலை போகும் பாதை மிருதங்கம் மாதிரி நடுவில் பருத்திருக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பினால், பாதி வழியில் அந்தப் பருமனின் ஆரம் மட்டுமே 3.5 முதல் 4 மீட்டர் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி தடையில்லாமல் இருந்தால்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ஈரமான இலைகள் அலையை உறிஞ்சிவிடும். கோடையில் பளிச்சென்று கிடைத்த சிக்னல், மரம் தழைத்த பிறகு மங்கிப்போவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, ஒரே மொழி பேசும் கருவிகள். 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற இலவச மென்பொருளைப் பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஏற்றலாம். எல்லா நோடிலும் ஒரே மெஷ் பெயர், ஒரே சேனல், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தால் அவை ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, மின்சாரம். புயல் நேரத்தில் பயன்பட வேண்டும் என்றால் முக்கியமான நோட்களுக்காவது பேட்டரியோ சோலாரோ இருக்க வேண்டும். இந்தக் கருவிகள் சாப்பிடும் மின்சாரம் குறைவு என்பதால் இது பெரிய செலவு ஆகாது.

நான்காவது, பாதுகாப்பு. உங்கள் டேட்டா மற்றவர்கள் வீட்டு ரவுட்டர்கள் வழியாகத்தான் போகிறது. அதனால் நோட்களுக்கு இடையே என்கிரிப்ஷன் கட்டாயம். வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு, முகவரியில் பூட்டுப்போட்ட இணையதளங்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பற்றி ஏற்கெனவே பார்த்தோம். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியும் 2018-ல் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. ஆன்டெனாவிலிருந்து வெளியாகும் சக்திக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு. ஆக, ரேடியோவைப் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை. ஆனால் அதன் வழியாக மற்றவர்களுக்கு இணைய சேவை கொடுப்பது வேறு விஷயம். வீட்டு பிராட்பேண்டை அப்படியே தெருவுக்குப் பிரித்துக் கொடுத்துக் காசு வாங்கினால் அது விதிமீறலாகலாம்.

சட்டப்படி இதைச் செய்ய ஒரு வழி, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பிஎம்-வாணி' திட்டம். இதில் டீக்கடையோ மளிகைக் கடையோகூட, உரிமமும் கட்டணமும் இல்லாமல் பொது வைஃபை மையமாகலாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உங்கள் இணைப்பில் யாரோ ஒருவர் தப்பு செய்தால் பொறுப்பு யாருக்கு? ஜெர்மனியில் ஃபிரைஃபுங்க் ஆட்களுக்கு நீண்ட காலம் தலைவலியாக இருந்தது இதுதான். வைஃபையைத் திறந்து வைத்தவரையே பொறுப்பாக்கும் நடைமுறை அங்கே இருந்தது. 2017-ல்தான் சட்டத்தைத் திருத்தி அதைத் தளர்த்தினார்கள். எனவே எங்கே அமைத்தாலும், யார் பெயரில் இணைப்பு, யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

எது நிலைக்கிறது, எது நிலைப்பதில்லை?

மெஷ்ஷை ஒரு நிறுவனமே நகரம் முழுக்கப் போட்டுக்கொடுத்தால் இன்னும் சுலபம்தானே என்று தோன்றலாம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் அதைத்தான் முயன்றது. 2005-ல் 'எர்த்லிங்க்' நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. தெருவிளக்குக் கம்பங்களில் நோட்களைப் பொருத்தினார்கள். ஆனால் நினைத்ததைவிட அதிக நோட்கள் தேவைப்பட்டன. சுவரைத் தாண்டி வீட்டுக்குள் சிக்னல் சரியாக வரவில்லை. சந்தாதாரர்களும் எதிர்பார்த்த அளவு சேரவில்லை. 2008-ல் நிறுவனம் விலகிக்கொண்டது.

அதற்கு நேரெதிர் உதாரணம் ஸ்பெயினின் கேட்டலோனியா. பெரிய நிறுவனங்கள் பிராட்பேண்ட் கொடுக்க முன்வராத ஒசோனா என்ற கிராமப்புறப் பகுதியில் 2004-ல் மக்களே ஆரம்பித்தது 'குய்ஃபி' நெட்வொர்க். யார் வேண்டுமானாலும் இணையலாம். இணைபவர் மற்றவரின் தகவல் தன் கருவி வழியே போக அனுமதிக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்தை எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள். இன்று அது 30,000-க்கும் மேற்பட்ட நோட்களோடு இயங்குகிறது. தேவைப்படும் இடங்களில் ஃபைபரும் போடுகிறார்கள்.

இரண்டு இடத்திலும் ரேடியோ அலை ஒரே மாதிரிதான் பயணித்தது. வித்தியாசம், மாடியில் இருக்கும் பெட்டி பழுதானால் ஏறிப் பார்க்க அந்த வீட்டுக்காரருக்கே ஒரு காரணம் இருந்ததா என்பதில்தான் இருக்கிறது. கம்பத்தில் இருந்த பெட்டிக்கு அப்படி ஒருவர் இல்லை.

ரெட் ஹூக்கில் இதைப் புரிந்துகொண்டுதான் அடுத்த அடியை வைத்தார்கள். புயலுக்குப் பிறகு, அந்தப் பகுதி இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து 'டிஜிட்டல் ஸ்டூவர்ட்ஸ்' என்ற குழுவை உருவாக்கினார்கள். ஆன்டெனா பொருத்துவது, செட்டிங் மாற்றுவது, பழுது பார்ப்பது, கடைக்காரர்களிடமும் குடியிருப்போரிடமும் பேசி மாடியில் இடம் வாங்குவது எல்லாமே அவர்கள் வேலை.

அதனால் உங்கள் தெருவிலோ அபார்ட்மென்ட்டிலோ இப்படி ஒன்றை யோசிப்பதாக இருந்தால், எந்த ரவுட்டர் நல்லது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த மாடியிலிருந்து எந்த மாடி தெரிகிறது, மழை நாளில் மேலே ஏறிப் பார்க்க யார் தயார், மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பெயரோடு பதில் கிடைத்துவிட்டால், நெட்வொர்க்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.